சவரிமுத்துவின் கட்டைவிரல்

மணிக்கட்டில் பிளேட் வைத்து முடித்ததும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அழகா உட்கார்ந்திருக்கு" என்று நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தலை நரைத்தேன். ஓய்வு பெற்றவனை எழுதச் சொன்னால் தான் சாதித்ததைத்தான் எழுதுவான் என்று நினைத்துக் கேட்டிருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். ஒரு கட்டைவிரல் போன கதையைத்தான் எழுதப்போகிறேன். அதில் எலும்பு என்னவோ அருமையாகத்தான் சேர்ந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபி பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டு எலும்பு உடைந்தால் பெரும்பாலும் உள்ளங்கைப் பக்கம் பிளேட்டை வைக்கிறோம். ஸ்க்ரூ அங்கிருந்து புறங்கைப் பக்கமாகத் துளைத்துப் போகும். அந்தப் பக்கம் எலும்பை ஒட்டியே விரல்களைத் தூக்கும் நாண்கள் ஓடுகின்றன. ஜனங்கள் அவற்றை நரம்பு என்பார்கள். ஸ்க்ரூவின் நுனி எலும்பைத் தாண்டி ஒரு அரிசி முனை அளவு வெளியே நீட்டினாலும், விரல் அசையும்போதெல்லாம் நாண் அதன்மேல் உரசும். உரசிக்கொண்டே இருந்தால் ஒருநாள் அறும். அதிகம் மாட்டிக்கொள்வது கட்டைவிரலைத் தூக்கும் நாண்தான்.

தொண்ணூறுகளில் எங்களிடம் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருந்த சின்ன நர்சிங் ஹோம்களில் சொந்தமாக பிளேட்டும் ஸ்க்ரூவும் வாங்கி வைத்தவர்கள் குறைவு. ஆபரேஷன் என்றால் கடைக்குப் போன் போடுவோம். கடைக்காரரின் ஆள் ஒரு ஸ்டீல் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வருவார். காலையில் பூந்தமல்லியில் திறந்த பெட்டி மத்தியானம் ஆவடியில் திறக்கும். கொதிக்க வைத்துத் துடைத்து அடுக்கினால் எல்லாம் புதிதுதான். ஆனால் அதிகம் செலவாகும் அளவு முதலில் தீர்ந்துவிடும். நமக்கு வேண்டிய நீளம் பெட்டியில் இல்லையென்றால் அடுத்த நீளத்தை எடுத்துப் போட்டுவிடுவோம். குட்டையாகப் போட்டால் பிடிக்காது, நீளமாகப் போட்டால் எலும்பின் எதிர்ச்சுவரை நன்றாகப் பிடிக்கும் என்று எங்களுக்குள் ஒரு சமாதானமும் இருந்தது. இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. பெட்டியில் என்ன இருக்கிறதோ அதை வைத்து வேலையை முடிப்பவர்தான் அந்த வட்டாரத்தில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினார்.

அப்படிப் பேர் வாங்கியவர்களில் முதல்வரை நான் பெரியவர் என்றே சொல்லிவிடுகிறேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கத்தி பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எலும்பு நொறுங்கி வந்தால் நாங்கள் எல்லோரும் அவரிடம்தான் அனுப்புவோம். அவருக்குக் கோபம் வராது, குரல் உயராது. அவரை எதிர்த்துப் பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

சவரிமுத்து என்னிடம் வந்தது ஒரு சர்டிபிகேட்டுக்காக. சென்னீர்குப்பத்துக்காரர், பஸ் கண்டக்டர். பின்படியில் நின்றுகொண்டிருந்தபோது டிரைவர் போட்ட பிரேக்கில் கீழே விழுந்து இடது மணிக்கட்டு நொறுங்கியது. பூந்தமல்லியில் ஒரு நர்சிங் ஹோமில் பெரியவர்தான் ஆபரேஷன் செய்திருந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அம்பத்தூரில் என் கிளினிக்குக்கு மனைவி பிலோமினாவோடு வந்து, கையை மேஜைமேல் நீட்டிக் காட்டினார்.

"கை நல்லா கீது சார். ஒரு பிட்னஸ் எய்திக் குட்த்தீங்கன்னா நாளைக்கே டூட்டி ஏறிடுவேன்."

காயம் சுத்தமாக ஆறியிருந்தது. மடக்கினார், நீட்டினார். எக்ஸ்ரேயிலும் எல்லாம் அழகாக உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையை மேஜையில் பதித்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொன்னேன். தூக்கினார். சும்மா பார்த்துவிட்டு விட்டிருக்கலாம். ஏனோ புறங்கைப் பக்கம், மணிக்கட்டுக்கு மேலே என் விரலை வைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கச் சொன்னேன். விரலுக்கடியில் நறநறவென்று ஏதோ உரசியது. மணல் போட்ட டப்பாவை மூடுவதுபோல இருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். சவரிமுத்து மனைவியைப் பார்த்தார். பிலோமினாதான் சொன்னார். பத்துப் பதினைந்து நாளாகவே இருக்கிறதாம், இவர் துணி பிழியும்போது கடக் கடக்கென்று சத்தம் பக்கத்தில் நிற்கும் தனக்கே கேட்கிறதாம், டாக்டரிடம் சொன்னால் சர்டிபிகேட் கிடைக்காது என்று வாயைத் திறக்கக்கூடாதென்று சொல்லிவைத்திருக்கிறாராம்.

பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ நுனி எலும்புக்குள்ளேயே இருப்பதுபோல்தான் தெரிந்தது. அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். அந்த எலும்பின் முதுகு மேஜைபோல் சமமாக இல்லை. நடுவில் ஒரு புடைப்பு, அதன் பக்கத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தில்தான் கட்டைவிரல் நாண் ஓடுகிறது. பக்கவாட்டுப் படத்தில் புடைப்பின் உச்சிதான் எலும்பின் விளிம்பாகத் தெரியும். பள்ளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி புடைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். எக்ஸ்ரே எடுப்பவர் பிலிம் வீணாகிறது என்று முணுமுணுத்தார். கடைசிப் படத்தில் நுனி தெரிந்தது. கீழ் வரிசையில் ஓரமாக இருந்த ஸ்க்ரூ எலும்பைத் தாண்டி நின்றது.

இப்போது உங்கள் மூளை என்ன சொல்லும் என்று தெரியும். அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட வேண்டியதுதானே? ஆனால் எலும்பு பாதிதான் சேர்ந்திருந்தது. ஸ்க்ரூவை எடுத்தால் அது பிடித்திருக்கும் எலும்புத் துண்டு சரியலாம். எடுக்காவிட்டால் நாண் அறலாம். இரண்டில் எது முந்தும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. சரிந்த எலும்பை மறுபடி நிமிர்த்தலாம், அறுந்து நைந்த நாணை அப்படியே ஒட்ட முடியாது என்ற ஒரே கணக்கில் எடுத்துவிடுவதே சரி என்று முடிவு செய்தேன். சின்னதாகக் கீறி அந்த ஒரு ஸ்க்ரூவை மட்டும் எடுத்துவிட்டு, மாவுக்கட்டில் இன்னும் சில வாரம் வைப்பது என் யோசனை.

அதைச் சவரிமுத்துவிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போனது. அவர் நிரந்தரக் கண்டக்டர் இல்லை. ரிசர்வில் இருந்தவர். டிப்போவில் அந்தச் சமயம் நிரந்தரம் ஆக்குவதற்கு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட நாள் டூட்டிக்கு வராதவர்களைக் கழித்துக் கட்டுவார்கள் என்று பேச்சு. இந்த மாதம் பஸ்ஸில் ஏறாவிட்டால் இத்தனை வருஷம் நின்றுகொண்டே பிழைத்தது வீண்.

"நரம்பு அறுந்துடும்னு கேரன்டியா சொல்றீங்களா சார்?"

கேரன்டியாகச் சொல்ல முடியாது, ஆனால் அறுவதற்கே அதிக வாய்ப்பு என்றேன்.

"டூட்டிக்குப் போலன்னா பேரை எட்த்துடுவாங்கோ. அதுக்குக் கேரன்டி கீது."

நான் சர்டிபிகேட் தரவில்லை. அவர் முன்னாலேயே பெரியவருக்குப் போன் செய்தேன். திருப்பி எடுத்த படத்தைப் பற்றிச் சொன்னேன், விரலுக்கடியில் உரசுவதைச் சொன்னேன், ஸ்க்ரூ நீளமாகப் போயிருக்குமோ என்றும் கேட்டுவிட்டேன். பெரியவர் அதே மெல்லிய குரலில், தான் அளந்துதான் போட்டதாகவும், சாய்த்து எடுக்கும் படத்தில் எது வேண்டுமானாலும் வெளியே நிற்பதுபோல் தெரியும் என்றும், ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் இப்படி உரசல் இருப்பது சகஜம் என்றும் சொன்னார். எலும்பு சேராமல் ஸ்க்ரூவில் கைவைக்காதே என்றார். பேஷன்ட்டை என்னிடம் அனுப்பு என்றும் சொன்னார்.

அனுப்பினேன். வேறு வழியில்லை, அவர் செய்த ஆபரேஷன். பெரியவர் கையைப் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, வேலைக்குப் போ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் இரண்டு தடவை ஆள் அனுப்பியும் சவரிமுத்து என்னிடம் வரவில்லை. ஏன் வரப்போகிறார்? ஒரு பக்கம் வட்டாரமே கும்பிடும் டாக்டர், வேலைக்குப் போ என்கிறார். இன்னொரு பக்கம் ரயில்வே கேட் பக்கத்தில் கிளினிக் வைத்திருப்பவன், கேரன்டி இல்லை என்று சொல்லிக்கொண்டே கையைக் கீறவேண்டும் என்கிறான். நானாக இருந்தாலும் அவர் பேச்சைத்தான் கேட்டிருப்பேன்.

கண்டக்டர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இப்போது மெஷின் வந்துவிட்டது. அப்போது இடது கையில் டிக்கெட் கட்டுகளை அடுக்கிப் பிடித்திருப்பார்கள். அந்தக் கையின் கட்டைவிரல், மேலே இருக்கும் டிக்கெட்டை நெம்பித் தூக்கிக் கொடுக்கும், வலது கை கிழிக்கும். விரலிடுக்கில் நோட்டு மடித்துச் செருகியிருக்கும். ஒரு நாளில் அந்தக் கட்டைவிரல் எத்தனை முறை எழுந்து படுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை முறையும் அந்த நாண் ஸ்க்ரூ நுனியில் உரசிக்கொண்டிருந்தது.

சில வாரம் கழித்து ஒருநாள் காலை, காக்கிச் சட்டையோடு, தோளில் பையோடு, நேராக பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். நடந்ததை அவரே சொன்னார். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் டிரிப். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கம்பெனிக்குப் போகும் பெண்களும் ஏறி நெரிந்துகொண்டிருந்த நேரம். ஒரு அம்மாவுக்கு டிக்கெட் கொடுக்கப் போனால் டிக்கெட் மேலே வரவில்லை. வியர்வையில் ஒட்டிக்கொண்டது என்று கையை உதறினார். மறுபடி முயன்றபோது மொத்தக் கட்டும் நழுவி ஜனங்களின் காலடியில் விழுந்தது. குனிந்து பொறுக்கும்போதுதான் பார்த்தாராம், கட்டைவிரல் உள்ளங்கை மேல் படுத்துக் கிடந்தது.

"வலிச்சிருந்தா நிறுத்தியிருப்பேன் சார். வலிக்கவே இல்ல. எப்ப அறுந்துச்சுன்னே தெரியல."

இதை நீங்கள் மறக்கவே கூடாது. அறும்போது சத்தமும் இல்லை, வலியும் இல்லை. வலித்தால் வா என்று சொல்லி அனுப்பினீர்கள் என்றால் உங்கள் நோயாளி எல்லாம் முடிந்த பிறகுதான் வருவார். உரசினால் வா, சத்தம் கேட்டால் வா என்று சொல்லுங்கள். வீட்டில் இருப்பவரிடமும் சொல்லுங்கள், அவர்கள்தான் மறைக்காமல் சொல்வார்கள்.

பெரியவருக்குச் சொல்லி அனுப்பினேன். நான் ஆபரேஷன் செய்யும்போது தானும் கூட நிற்பதாகச் சொன்னார். அப்படி அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு எதிரே உதவியாளர் நிற்கும் இடத்தில் நின்றார். புறங்கைப் பக்கம் திறந்ததும் அறுந்த நாணின் முனை தெரிந்தது. பழைய சாக்குக் கயிறுபோல் பிரிந்து, நிறம் மாறி, இழுத்துத் தைக்க முடியாத நிலையில் இருந்தது. அதற்குக் கீழே பள்ளத்தில் ஸ்க்ரூ நுனி. உரசி உரசி அது பளபளவென்று மின்னியது. பெரியவர் தன் விரலை அதன்மேல் வைத்து மெதுவாகத் தடவினார். எனக்கு மட்டும் கேட்கிறபடி சொன்னார்:

"அளவு சரியாத்தான்யா எடுத்தேன். பெட்டியில அந்த சைஸ் தீர்ந்துபோயிருந்தது. அடுத்ததைப் போட்டேன்."

பிறகு அவரே தொடர்ந்தார். அந்த ஓட்டையில் ஸ்க்ரூவே வேண்டியிருக்கவில்லை, பிளேட் முன்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது, காலியாக விட்டிருக்கலாம், ஆனால் எக்ஸ்ரேயில் காலி ஓட்டை தெரிந்தால் பார்க்கிறவர்கள் அரைகுறை வேலை என்பார்களே என்று போட்டுவிட்டேன் என்றார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை. எனக்கு வந்தது கோபமா, பரிதாபமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

ஆள்காட்டி விரலுக்கு இரண்டு நாண் உண்டு. ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, அந்த இரண்டு நாணில் ஒன்றைக் கட்டைவிரலுக்குக் கொடுத்துத் தைத்தோம். தைத்தால் மட்டும் போதாது. ஆள்காட்டி விரலை நீட்ட நினைத்தால்தான் கட்டைவிரல் எழும். மூளை அதைப் புதிதாகப் பழக வேண்டும். சவரிமுத்து பழகினார். வாரா வாரம் வந்து மேஜைமேல் கையை வைத்துத் தூக்கிக் காட்டுவார். "எவனையாச்சும் காட்டிக் குட்க்கணும்னு நென்ச்சா கட்டைவெரலு தானா எய்ந்துக்குது சார்" என்று சிரிக்க வைப்பார். பிலோமினா மட்டும் சிரிக்க மாட்டார். டிப்போவிலிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று என்னையே கேட்பார், எனக்கு அங்கே என்ன தெரியும் என்று யோசிக்காமல்.

கடைசியில் டிப்போவில் கூப்பிட்டார்கள். பெரியவர் தானும் வருவதாகச் சொன்னதால் மூன்று பேருமாகப் போனோம். பெரிய டாக்டர் சொன்னால் கேட்பார்கள் என்று சவரிமுத்து நம்பினார், எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. எங்களை உட்காரவைத்தார், டீ வரவழைத்தார். பெரியவர் பேசியதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மேஜையிலிருந்து டிக்கெட் கட்டுகளை எடுத்துச் சவரிமுத்துவிடம் கொடுத்து, கிழித்துக் காட்டச் சொன்னார்.

சவரிமுத்து கிழித்தார். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஆள்காட்டி விரலை நினைத்து, கட்டைவிரல் எழும்வரை காத்திருந்து, நெம்பி, கிழித்து. வேறு நாளாக இருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அறுந்த நாணுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அங்கே அவர் காட்டவேண்டியது வெற்றி இல்லை, வேகம். நெற்றியில் வியர்வை வழிய வழிய அவர் கிழித்துக்கொண்டே இருந்தார். போதும் என்று யாரும் சொல்லாததால் நிறுத்தவும் இல்லை.

அதிகாரிதான் டிக்கெட் கட்டுகளை வாங்கி வைத்தார். "காலைல பூந்தமல்லில ஏறுற கும்பலுக்கு இது ஆவாது சவரி. ஆவடி வந்தாலும் பாதிப் பேருக்கு டிக்கெட் போயிருக்காது. செக்கிங் ஏறுனா உனக்குத்தான் மெமோ." லைட் டூட்டி ஏதாவது கிடைக்குமா என்று பெரியவர் கேட்டார். அது நிரந்தரம் ஆனவர்களுக்குத்தான், ரிசர்வ் ஆட்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். அவ்வளவுதான். சவரிமுத்து எழுந்து அவருக்கு வணக்கம் வைத்தார். இடது கையின் கட்டைவிரல் அப்போதும் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் பெரியவர் நின்றார். கேட்டுக்கு அருகில் பஸ்கள் உறுமிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் குரலை உயர்த்திப் பேச வேண்டியதாயிற்று. நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஸ்க்ரூ நீளமானது என்று போடும்போதே தெரியும், அதுதான் உன் நரம்பை அறுத்தது, இந்த டாக்டர் போன் செய்தபோதே எனக்கு உள்ளுக்குள் உறைத்தது, ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை என்றார். அந்த வயதில், அந்தப் பேரோடு, நடுரோட்டில் ஒரு கண்டக்டரிடம் அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். நான் அவரை அதற்காக இன்றும் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெரிய மனசு சவரிமுத்துவுக்கு எதற்குப் பயன்பட்டது?

உங்களிடம் இப்போது எல்லாக் கோணத்திலும் படம் காட்டும் மெஷின் இருக்கிறது. எல்லா நீளத்திலும் ஸ்க்ரூ இருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒருநாள், ஏதோ ஒரு ஸ்க்ரூ உங்கள் மனதில் லேசாக உறுத்தும். அதை எடுத்துவிட்டு ஓட்டையைக் காலியாக விடுங்கள், யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். விட முடியாமல் போட்டீர்கள் என்றால், அந்த உறுத்தலை நோயாளியிடம் சொல்லி அனுப்புங்கள். இன்னொரு டாக்டர் போன் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். கையை எந்த அளவுக்குப் பணயம் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர், உண்மை தெரியாமல் அவர் எப்படி முடிவு செய்வார்?

சவரிமுத்து கோபப்படவில்லை. பெரியவர் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாக நின்று கேட்டார். பிலோமினாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனைதான் அவர் முகத்தில் இருந்தது. பிறகு சொன்னார்:

"அன்னிக்கு உங்ககிட்ட வந்தேனே சார், அன்னிக்கே இத்த ஒரு வார்த்த சொல்லியிருந்தா, டூட்டி போனாப் போவுதுன்னு இவுரு பேச்சக் கேட்டிருப்பேன். வெரலாச்சும் மிஞ்சியிருக்கும். உங்கள நம்பித்தான் சார் பஸ்ஸுல ஏறுனேன்."

எங்கள் காரில் வரச் சொன்னோம், வேண்டாம் என்றுவிட்டார். அப்போது வந்த பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும், தெரிந்த ஆள்தான் போலிருக்கிறது, கையைக் காட்டிக் காசு வேண்டாம் என்றார். சவரிமுத்து விடவில்லை, சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டார்.